பொருள் மாறாப் போலி: ‘ஷல் வீ டான்ஸ்’ திரைப்படத்தில் ஒலிப்பு வேறுபாடும் மொழிபெயர்ப்பும்

ஓர் எழுத்து நின்ற இடத்தில் வேறோர் எழுத்து வந்து, சொல்லின் பொருள் வேறுபடாது நிற்பதைத் தமிழிலக்கணிகள் போலி என்றனர். மஞ்சு–மைஞ்சு, அரசு–அரைசு, நிலம்–நிலன், பந்தல்–பந்தர் என்பன பள்ளிப் பருவத்திலேயே நாம் கற்ற எடுத்துக்காட்டுகள். இவ்விலக்கணத்தில் பேசுவோனுக்கு இடமில்லை. பந்தல் என்பவர் யார், பந்தர் என்பவர் யார், ஒருவரைப் பற்றி மற்றவர் என்ன கருதுவர் என்னும் வினாக்கள் ஈண்டு எழுவதில்லை. அவ்வினாக்களையே பொருளாகக் கொண்ட பாடல் ஒன்று 1937ஆம் ஆண்டின் அமெரிக்கத் திரைப்படமான ‘ஷல் வீ டான்ஸ்’ என்பதில் உள்ளது. ‘லெட்ஸ் கால் த ஹோல் திங் ஆஃப்’ என்னும் அப்பாடலை வேடிக்கைப் பாட்டு என்று ஒதுக்குவதே வழக்கம். மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் அவ்வாறு ஒதுக்குதல் தகாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மார்க் சாண்ட்ரிச் இயக்கத்தில் ஆர்.கே.ஓ. நிறுவனம் வெளியிட்ட இப்படம், பிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் இணைந்து நடித்த பத்துப் படங்களுள் ஏழாவது. இசை ஜார்ஜ் கெர்ஷ்வின். பாடல் அவர்தம் தமையனார் ஐரா கெர்ஷ்வின். படம் மே மாதம் வெளிவந்தது. ஜூலை 11 அன்று ஜார்ஜ் தம் 38ஆம் வயதில் காலமானார். கதை மெலிந்தது. பாரிஸில் ‘பெட்ரோவ்’ என்னும் பெயரில் ரஷ்யப் பாலே கலைஞராக விளங்குபவன் உண்மையில் பீட்டர் பீட்டர்ஸ் என்னும் அமெரிக்கன். லிண்டா கீன் என்னும் ஆடலரசியை அவன் விரும்புகிறான். இருவரும் முன்னரே மணந்தவர்கள் என்று வதந்தி பரவுகிறது. அதை மறுக்க வழியின்றி, மணமுறிவு பெறுவதற்காகவே மணம் செய்துகொள்கின்றனர். ‘மணந்தேன்’ என்னும் கூற்றே மணத்தை நிகழ்த்துவதாக அமைதலை ஆஸ்டின் பின்னாளில் விளக்கினார். இங்கோ, பொய்யான செய்தி ஒன்றை முடித்துவைக்கவே அந்நிகழ்த்துகூற்று தேவைப்படுகிறது. மொழியியலாரன்றி வேறெவர் இதை எண்ணி நகைப்பர் என்று தெரியவில்லை.

பாடல் நிகழுமிடம் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவிலுள்ள சறுக்குமிடம். செய்தியாளரிடமிருந்து தப்பி வந்த இருவரும் ‘ஐதர்’ என்பதா ‘ஈதர்’ என்பதா எனப் பிணங்கிப் பாடத் தொடங்குகின்றனர். பின்னர்ச் சக்கரக் காலணிகளோடு ஆடிப் புல்வெளியில் விழுகின்றனர். பாடலில் வரும் இணைகள் அனைத்தும் ஒரே தன்மையன என்று கொள்வதே பொதுவான பிழை. கூர்ந்து நோக்கின் அவை மூவகைப்படும்.

‘ஈதர்–ஐதர்’, ‘டொமேட்டோ–டொமாட்டோ’ போன்றவை உண்மையான வேறுபாடுகள். அமெரிக்காவில் இவற்றுள் முன்னையது பெருவழக்கு. பின்னையது இங்கிலாந்தையோ நாடகமேடையையோ உயர்குடியையோ நினைவூட்டுவது. ‘ஆய்ஸ்டர்’ என்பதை ‘எர்ஸ்டர்’ என்பது வேறொன்று. பழைய நியூயார்க் பேச்சில் ‘பேர்ட்’ போன்ற சொற்களின் உயிரொலியும் ‘ஆயில்’ போன்ற சொற்களின் ஈருயிரும் நெருங்கி ஒன்றாயின. அதைத் திருத்த முனைந்த நா, திருத்தம் வேண்டாத இடத்திலும் திருத்திற்று. நம் மேடைகளில் ‘மக்கழ்’, ‘அவர்கழ்’ என்று கேட்கும் மிகைத்திருத்தத்திற்கு இது நெருங்கிய உறவு. ஆகவே இது உயர்குடியின் ஒலிப்பன்று, தெருவின் ஒலிப்பு. மூன்றாவது ‘பொட்டாட்டோ’. ஆங்கிலம் பேசுவோர் எவரும் இயல்பாக இவ்வாறு ஒலிப்பதில்லை. ‘டொமாட்டோ’ உண்டெனில் ‘பொட்டாட்டோ’வும் இருத்தல் வேண்டும் என்னும் ஒப்புமையாக்கத்தால் பிறந்த சொல் இது. போலி என்னும் சொல்லின் பழம்பொருளும் இக்காலப் பொருளும் இதன்கண் ஒருங்கே பொருந்தக் காணலாம்.

இம்மூன்றும் சேர்ந்து வாழும் வட்டார வழக்கு எதுவுமில்லை. எனவே இப்பாடல் இருவேறு வகுப்பினரின் மோதல் என்னும் விளக்கம் நிற்பதற்கில்லை. பிணக்குக்கு உண்மையான வேறுபாடு போதாமையால் இருவரும் வேறுபாட்டைப் படைத்துக்கொள்கின்றனர். பேசவேண்டிய ஒன்றைப் பேசாதிருக்க ஒலிப்பு அவர்களுக்குத் துணையாகிறது. அஸ்டேரின் பாத்திரமே ஒலிப்பால் கட்டப்பட்டது என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தன்னைப் போன்ற பாலே கலைஞரை லிண்டா விரும்பாள் எனக் கேட்ட அளவில், அவன் பொய்யான ரஷ்ய ஒலிப்பைப் பூண்டு அவள் முன் தோன்றுகிறான். ஒலிப்பு பிறப்பால் வருவது மட்டுமன்று, வேண்டும்போது உடுத்துவது என்பதை இங்கே நகைச்சுவையாகக் காண்கிறோம். நியூயார்க்கின் பெருங்கடைகளில் விற்பனையாளரின் ரகர ஒலிப்பு கடையின் தரத்துக்கேற்ப மாறுவதை வில்லியம் லபோவ் 1966இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவ்வாய்வுக்கு ஏறத்தாழ முப்பதாண்டு முற்பட்டது இப்படம்.

இனி மொழிபெயர்ப்பு. வழக்கமான எழுத்துக்கூட்டலில் இவ்விணைகளின் இரு சொற்களும் ஒன்றே. அச்சில் வேறுபடுத்த ஆங்கிலேயர் எழுத்தைத் திரிக்க வேண்டும். தமிழெழுத்தில் பெயர்த்தாலோ வேறுபாடு தானே புலப்படும். அஃது ஆறுதலன்று. ‘ஐதர்’ என்பதன் சமூக மதிப்பைத் தமிழ் வாசகர் எழுத்திலிருந்து அறியார்.

பயிற்சி வகுப்பு ஒன்றில் இப்பாடலை மாணவர்க்குக் கொடுத்தபோது பெரும்பாலோர் எழுத்துவழக்கையும் பேச்சுவழக்கையும் எதிர்நிறுத்தினர்: உருளைக்கிழங்கு–உருளக்கெழங்கு, வாழைப்பழம்–வாளப்பளம். இது தவறான வழி. தமிழின் இரட்டைவழக்குச் சூழலில் ஒன்று செப்பமானது, மற்றது கொச்சை என்னும் மதிப்பீடு உடனே புகுந்துவிடும். காதலர் பிணக்கு ஆசிரியர்–மாணவர் பாடமாகிவிடும். சிலர் நெல்லைச் சொல்லையும் கோவைச் சொல்லையும் இணைத்தனர். அவை ஊரைக் காட்டின, ஒலிப்பைக் காட்டவில்லை.

பொருத்தமான களம் நம் கடன்சொற்களே என்று தோன்றுகிறது. காப்பி–காஃபி, பிலிம்–ஃபிலிம், ஆபீசு–ஆஃபீஸ், பரோட்டா–புரோட்டா ஆகியவற்றில் எது சரி என்னும் தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர் உண்டு. சற்றே ஏளனமும் உண்டு. இவற்றை வைத்துக் கணவனும் மனைவியும் வீட்டில் சண்டையிட இயலும். பரோட்டாவைப் பற்றிய சண்டை கற்பனையன்று என்பதற்கு இக்கட்டுரையாளரின் இல்லமே சான்று. ‘பொட்டாட்டோ’வுக்கு என்ன செய்வது? ‘காப்பி’ என்பது ‘காஃபி’ ஆகுமெனில், ‘சாப்பாடு’ என்பது ‘சாஃபாடு’ ஆகலாம். எவரும் சொல்லாத சொல். எனினும் எவ்வாறு பிறந்ததென்று கேட்டவுடன் விளங்கும். கவிதையை மொழிபெயர்த்தல் இயலாது, படைப்பு நிலையில் இடமாற்றமே இயலும் என்று ரோமன் யாகப்சன் 1959இல் எழுதினார். இங்கு இடம் மாற்றப்படுவது சொல்லன்று, அச்சொல்லைப் பிறப்பித்த ஒப்புமை. உருளைக்கிழங்கு போய்விடுகிறதே என்பார்க்கு, அப்பாடலில் உருளைக்கிழங்கைப் பற்றி எதுவுமில்லை என்பதே விடை.

எல்லா இடத்தும் இவ்வழி செல்லாது. சிறையிலிருந்து தொலைபேசும் ஒருவன் ‘சஸ்குவெஹானா’ என்னும் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லித் திணறும் காட்சி, ஆங்கில எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள பொருந்தாமையை நம்பியது. அதனை அப்படியே விட்டுவிடுவது நன்று.

இறுதி நடனம் பாலேயும் ஜாஸும் ஒட்டாத நீண்ட கலவை. படத்தின் வலுவற்ற பகுதியும் அதுவே. ஆயினும் அதிலொரு நுட்பமுண்டு. லிண்டாவோடு ஆட இயலாத பீட்டர்ஸ், அவள் முகமூடி அணிந்த பல பெண்களோடு ஆடுகிறான். உண்மையான லிண்டாவும் முகமூடியோடு அவர்களிடையே புகுகிறாள். முகத்தால் அவளைப் பிரித்தறிய வழியில்லை. முதற் சந்திப்பில் அவன் பொய்யொலிப்போடு முழங்கிய ‘ஓச்சி சோர்னியா’ என்னும் ரஷ்யத் தொடரை அவள் சொல்கிறாள், அவன் அறிந்துகொள்கிறான். ‘கரிய விழிகள்’ என்பது அதன் பொருள். துணையுரை எழுதுவோர் ஓரிடத்தில் ரஷ்யத் தொடரை அவ்வாறே விட்டு, மற்றோரிடத்தில் பொருளைத் தமிழில் தந்தால், அவன் அவளை எவ்வாறு கண்டுகொண்டான் என்பது பார்ப்பவர்க்கு விளங்காது போகும். இரண்டிடத்திலும் அத்தொடர் ஒரே வடிவில், பெயர்க்கப்படாமல் நிற்றல் வேண்டும்.