நாம் / நாங்கள் / டாட்ஜர்ஸ்

விளையாட்டு ரசிகன் பேசுகிற வாக்கியங்களில் நம் விமர்சகர்களுக்கு மிகவும் எரிச்சலூட்டுவது ‘நாம ஜெயிச்சிட்டோம்’ என்பதுதான். நீயா ஆடினாய், உனக்கென்ன அதில் பங்கு என்று கேட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் ‘கலாச்சாரத் தொழில்’ என்று பெயர் சூட்டிய பிறகு இந்தக் கேள்விக்கு ஒரு கோட்பாட்டு மிடுக்கும் வந்து சேர்ந்தது. 1969இல் விளையாட்டுப் பேச்சைப் பற்றி எழுதிய உம்பர்ட்டோ எக்கோ இன்னும் ஒரு படி மேலே போனார்: அரசாங்கத்தைப் பற்றிப் பேச வேண்டிய வாய் ஆட்டத்தைப் பற்றிப் பேசியே ஓய்ந்துவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்த ‘நாம’ எப்படி உண்டாகிறது, யார் உழைப்பில் உண்டாகிறது, கடைசியில் அது யாருடைய சொத்து என்கிற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. இவற்றைக் கேட்டுப் பார்க்கத் தோதான இடம் 1951ஆம் ஆண்டு நியூயார்க், பேஸ்பால் சீசனின் கடைசி ஏழு வாரம்.

ஆட்டத்தின் விதிகள் இங்கே முக்கியமில்லை. நேஷனல் லீகில் அப்போது எட்டு அணிகள். ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் முடியும்வரை அணிக்கு 154 ஆட்டங்கள். அரையிறுதி, கால் இறுதி எதுவும் கிடையாது. முதலிடத்தில் முடிக்கிற ஓர் அணிக்குத்தான் பென்னன்ட் என்கிற லீக் பட்டம். ஆகஸ்ட் 11ஆம் தேதி புரூக்ளின் டாட்ஜர்ஸ் முதலிடத்தில் இருந்தது. அதே நகரத்தின் இன்னொரு அணியான நியூயார்க் ஜயன்ட்ஸ் பதின்மூன்றரை ஆட்டம் பின்னால்.

இந்த ‘அரை’ கவனிக்கத்தக்கது. யாரும் அரை ஆட்டம் ஆடுவதில்லை. நம் அணி ஜெயித்தால் இடைவெளி அரை குறையும். எதிரி தோற்றால் இன்னொரு அரை. ஆக, சீசனின் கடைசிக் கட்டத்தில் ரசிகன் தினமும் இரண்டு ஆட்டங்களைப் பின்தொடர வேண்டியிருக்கிறது. ஒன்று கண்ணெதிரில் அல்லது ரேடியோவில் நடப்பது. மற்றது வேறெங்கோ நடந்து, மைதானத்து ஸ்கோர் போர்டில் வெறும் எண்களாக வந்து சேர்வது. இரண்டாவது பிரதியில் அவனுக்கு நாயகன் கிடையாது. நேற்றுவரை மதிக்காத மூன்றாவது ஓர் அணி இன்றைக்கு மட்டும் ஜெயித்துத் தொலைக்க வேண்டும், அவ்வளவுதான். ‘ஒரே பிரதியில் மூழ்கிக் கிடக்கும் வெகுஜன வாசகன்’ என்கிற நம்முடைய சித்திரம் இங்கே சரிப்பட்டு வரவில்லை. இவன் எண்ணிலிருந்து கதையை ஊகிக்கிறவன்.

அந்த ஏழு வாரத்தில் ஜயன்ட்ஸ் கடைசி 44 ஆட்டங்களில் 37ஐ ஜெயித்தது. டாட்ஜர்ஸ் ‘சரிந்தது’ என்று வழக்கமாக எழுதுகிறார்கள். அது கதையாடலின் வசதி. டாட்ஜர்ஸும் பாதிக்கு மேல் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தது. புரூக்ளின் ரசிகனின் வேதனையே அதுதான்: தன் அணியின் ஆட்டத்தைப் பார்த்து அவனால் தன் விதியைத் தெரிந்துகொள்ள முடியவில்லை. செப்டம்பர் 30, கடைசி நாள். பாஸ்டனில் ஜயன்ட்ஸ் ஜெயித்தாயிற்று. ஃபிலடெல்ஃபியாவில் 6-1 என்று பின்தங்கிக் கிடந்த டாட்ஜர்ஸை ஜாக்கி ராபின்சன் 14ஆவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன் அடித்துக் காப்பாற்றினார். இரண்டு அணிக்கும் 96 வெற்றி, 58 தோல்வி. 154 ஆட்டம் ஆடியும் தீர்ப்பு இல்லை.

டோரிஸ் கியர்ன்ஸ் குட்வினுக்கு அப்போது எட்டு வயது. பின்னாளில் பெயர்பெற்ற வரலாற்றாசிரியர். லாங் ஐலண்டில் வளர்ந்த அவருக்கு ஆறு வயதிலேயே தகப்பனார் ஸ்கோர் புத்தகம் எழுதக் கற்றுக்கொடுத்தார். பகலில் ரேடியோ கேட்டு ஒவ்வொரு பந்தையும் குறியீடாகக் குறித்துவைத்து, சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பும் அப்பாவுக்கு ஆட்டம் முழுவதையும் திரும்பச் சொல்வது அந்தக் குழந்தையின் வேலை. கதை சொல்லக் கற்றது அங்கேதான் என்று 1997இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்பில் சொல்கிறார். இதை ‘நுகர்வு’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கு, கேட்பு, குறிப்பு, மறுகூறல் - இது உழைப்பு. தினசரி, கூலியில்லாத, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிற உழைப்பு. ‘நாம’ என்கிற சொல் இதிலிருந்துதான் திரண்டு வருகிறது. சீசன் முடிவை நெருங்க நெருங்கக் கெட்டிப்படுகிறது.

மூன்று ஆட்டத் தீர்வுத் தொடரில் ஆளுக்கொன்று ஜெயித்த பிறகு, அக்டோபர் 3, போலோ கிரவுண்ட்ஸ். கடைசி இன்னிங்ஸில் 4-1 என்று டாட்ஜர்ஸ் முன்னால் இருந்தது. ரால்ஃப் பிராங்கா வீச, பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன்னில் 5-4 என்று எல்லாம் முடிந்துபோனது. மைதானத்தில் இருந்தவர்கள் 34,320 பேர். இடம் அதற்கு மேலும் நிறைய இருந்தது. ‘நாம’வின் பெரும்பகுதி ரேடியோக்களின் முன்னால்தான் இருந்திருக்கிறது. டிக்கெட் எண்ணுகிறவன் கணக்கில் இவர்கள் வருவதில்லை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம்.

2001இல் ஜோஷுவா பிரேகர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் விவரமாக எழுதினார்: சீசனின் பின்பாதியில் ஜயன்ட்ஸ் தன் மைதானத்து உடைமாற்றும் அறையில் தொலைநோக்கி வைத்து, எதிரணி கேட்சர் விரலால் காட்டும் ரகசியச் சைகைகளைத் திருடி, மின்மணி மூலம் தன் ஆட்களுக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு பந்துக்குத் தனக்குச் சைகை வரவில்லை என்றார் தாம்சன். உடனே பெரிய அறவிவாதம்: அந்த வெற்றி செல்லுமா, செல்லாதா? வெளியூரில், தொலைநோக்கி இல்லாத இடத்திலும் ஜயன்ட்ஸ் ஜெயித்ததே என்று ஒரு கட்சி. சரி, இருக்கட்டும். எனக்குப் புரியாதது வேறு. விரல் சைகையைத் திருடியதற்கு இவ்வளவு கோபப்படுகிறவர்கள், 1957இல் நடந்ததை மட்டும் ‘வணிக முடிவு’ என்று எழுதிவிட்டுப் போகிறார்களே, அது எப்படி?

1957 சீசன் முடிந்ததும் இரண்டு அணிகளுமே நியூயார்க்கை விட்டுக் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டன. டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்கு (அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் கலாச்சாரத் தொழிலைப் பற்றி எழுதியது அங்கே உட்கார்ந்துதான்), ஜயன்ட்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு. டாட்ஜர்ஸ் நஷ்டத்தில் ஓடிய அணி அல்ல. முதலாளி வால்டர் ஓ’மாலி கேட்ட நிலத்தை நகரத்தின் கட்டுமான அதிகாரி ராபர்ட் மோசஸ் தரவில்லை. பழி யார்மேல் என்கிற சண்டை இன்றும் ஓயவில்லை. ரசிகர்கள் போகவிடாதே என்று பேட்ஜ் குத்திக்கொண்டார்கள். ஆட்டப் பேச்சு அரசியல் பேச்சாக மாறவே மாறாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். ஆனால் மாறியும் பலனில்லை. செப்டம்பர் 24, எப்பெட்ஸ் ஃபீல்டில் கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 6,702 பேர். ‘பாருங்கள், ஆளே வரவில்லை’ என்பதற்கு இந்த எண்ணைத்தான் காட்டுகிறார்கள். போய்விடப்போகிறவனுக்கு எதற்கு டிக்கெட் வாங்க வேண்டும்?

ஆங்கிலத்தில் ‘வீ’ ஒன்றுதான். முதலாளியும் அதையே சொல்லலாம், ரசிகனும் அதையே சொல்லலாம். தமிழில் முடியாது. கேட்பவனையும் உள்ளே சேர்த்தால் நாம்; வெளியே நிறுத்தினால் நாங்கள். இலக்கணம் முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்கிறது. 1951இல் புரூக்ளின் சொன்னது ‘நாம்’. அணி நிர்வாகமும் அப்படியே பேசியது. 1957இல் நிர்வாகம் சொன்னது ‘நாங்கள் போகிறோம்’. ஆட்டக்காரனும் இந்த ‘நாங்க’ளுக்குள் இல்லை. செப்டம்பர் 30இல் சீசனையே காப்பாற்றிய ராபின்சனை 1956 டிசம்பரில் டாட்ஜர்ஸ் விற்றது, அதுவும் ஜயன்ட்ஸுக்கு. அவர் அங்கே போகாமல் ஆட்டத்தையே விட்டுவிட்டார். ரசிகனுக்கு அப்படி விடுவதற்குக்கூட ஒன்றும் மிச்சமில்லை.

ஆகவே அந்த ‘நாம’ பொய் என்று முடிப்பது அவசரம். அது பொய்யாக இருந்திருந்தால் எடுத்துப்போவதற்கு அதில் மதிப்பு இருந்திருக்காது. அதைச் சமூகம், ஒற்றுமை என்று உருகுகிறவர்களோ பட்டா யார் பேரில் என்று பார்ப்பதில்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் டாட்ஜர்ஸ் மைதானம் எழுந்த சாவேஸ் ரவீன், மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்த இடம். பொதுக் குடியிருப்பு கட்டுவதாகச் சொல்லி 1950களின் தொடக்கத்தில் அவர்களைக் கிளப்பினார்கள். போகாமல் எஞ்சியவர்களை 1959 மே மாதம் போலீஸ் தூக்கி வெளியே போட்டது. 1962இல் மைதானம் திறந்தது. 2021இல் அதே இரண்டு அணிகளும் சீசனின் கடைசி நாள்வரை மல்லுக்கட்டின: ஜயன்ட்ஸ் 107 வெற்றி, டாட்ஜர்ஸ் 106. அந்தக் கடைசி நாளும் அக்டோபர் 3தான். கலிஃபோர்னியாவின் இரண்டு மைதானங்களிலும் ஒரு கண்ணை ஸ்கோர் போர்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னதும் ‘நாம’தான்.