ஊர்க் குறை

நம் கதைகளில் கிராமம் பெரும்பாலும் இரண்டு வேஷங்களில்தான் வருகிறது. ஒன்று சொர்க்கம், மற்றொன்று மனு. சொர்க்கமாக வரும்போது வாய்க்கால் சலசலக்கும், பாட்டி கதை சொல்வாள், பட்டணத்திலிருந்து வந்த பேரன் பெருமூச்சு விடுவான். மனுவாக வரும்போது சாலை இல்லை, குடிதண்ணீர் இல்லை, ஆஸ்பத்திரி பத்து மைலுக்கு அப்பால் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் ஓர் உயிரையும் பலிகொடுத்துக் கதை முடியும். முதல் ரகம் பொய் என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது ரகம் உண்மைதான். ஆனால் உண்மையாக இருப்பதனாலேயே அது நல்ல கதையாகிவிடுமா?

குறைகளைச் சொல்லப் பத்திரிகைகள் இருக்கின்றன. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிறார்கள். அங்கெல்லாம் சொல்ல முடியாத எதைக் கதாசிரியன் சொல்கிறான்? இந்தக் கேள்விக்கு விடை வேண்டுகிறவர்களுக்கு விருத்தாசலம் வட்டாரத்து நாவல்களை நான் சிபாரிசு செய்வேன்.

விருத்தாசலம் பழைய ஊர். திருமுதுகுன்றம் என்பது அதன் பழம்பெயர். பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் ஒரு பக்கம். செராமிக் தொழிற்பேட்டையும், அந்தத் தொழிலையே பாடமாகச் சொல்லித்தரும் பாலிடெக்னிக்கும் மறுபக்கம். சுற்றிலும் செம்மண், முந்திரிக்காடு, மணிலாக் கொல்லை. கிழக்கே நெய்வேலிச் சுரங்கம். கடலூர் ஜில்லாவின் இந்த உட்பகுதியிலிருந்து இமையம், கண்மணி குணசேகரன் என்று இரண்டு நாவலாசிரியர்கள் வந்திருக்கிறார்கள். ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியராகப் பணியாற்றியவர். மற்றவர் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். இருவருமே கிராமத்தைப் பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் அல்ல.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-ல் வெளிவந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு குடும்பத்தின் கதை அது. ஆரோக்கியம் என்ற பெண் வீடு வீடாக அழுக்கு எடுக்கிறாள். இரவில் வீடு வீடாகச் சோறு எடுக்கிறாள். அறுவடை முடிந்ததும் களத்தில் தன் பங்குத் தானியத்துக்கு நிற்கிறாள். அவளுக்குக் கூலி என்று ஒரு தொகை கிடையாது, பங்குதான் உண்டு. அந்தப் பங்கை அளந்து போடும் கை தாராளமாக இருக்கிறதா, சுருங்குகிறதா என்பதில் அவளுடைய வாழ்வே அடங்கியிருக்கிறது. காலம் மாறுகிறது. காசு கொடுத்துத் துணி தைக்கவும் தேய்க்கவும் ஆள் வந்துவிடுகிறது. ஊர் முன்னேறுகிறது என்று நாம் எழுதுவோம். களத்தில் நிற்கும் ஆரோக்கியத்துக்கு அந்த முன்னேற்றம் குறைந்துபோன ஒரு மரக்கால் தானியமாக வந்து சேர்கிறது.

மனுவில் எழுத முடியாதது இதுதான். 'சாலை இல்லை' என்று மனுவில் எழுதலாம். சாலை போட்டபோது அது எந்தத் தெருவோடு நின்றது, அங்கே நிற்கட்டும் என்று சொன்னது யார், அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது யார் என்பதைக் கதைதான் எழுத வேண்டும். கிராமத்துக் குறை என்பது ஒரு பொருள் இல்லாமையன்று. இருக்கிற பொருளை யார் அளக்கிறார்கள் என்பது.

அந்த நாவல் வந்தபோது ஓர் ஆட்சேபம் எழுந்தது. ஒடுக்கப்பட்டவர்களே தங்களுக்குக் கீழே இன்னொரு குடும்பத்தை வைத்திருப்பதாகக் காட்டலாமா, அது வெளியாருக்குச் சாதகமாகப் போய்விடாதா என்று கேட்டார்கள். இது அலட்சியப்படுத்தக்கூடிய ஆட்சேபமன்று. நீதி கேட்டுப் போகிறவர்கள் ஒரே குரலில் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் மனு எழுதுகிறவன் மறைக்கலாம் என்று நினைப்பதைக் கதாசிரியனும் மறைத்துவிட்டால் ஆரோக்கியத்துக்காகப் பேச யார் மிஞ்சுவார்கள்? ஊரின் சார்பில் எழுதப்படும் எந்த மனுவிலும் அவளுடைய கைநாட்டு இருக்காது. ஆகவே இந்த விவாதத்தில் நான் நாவலாசிரியரின் பக்கம்.

இந்தப் பங்குக் கதை தமிழில் புதியதன்று. 1942-ல் வந்த ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' இதே நரம்பைத் தொட்டது. கொங்கு நாட்டு விதவை ஒருத்தி குடும்ப நிலத்தில் தனக்குரிய பாகத்தைக் கேட்கிறாள். அந்த ஒரு கேள்வியில் குடும்பம் சிதைந்து கொலையில் முடிகிறது. அதற்குப் பதினைந்து வருஷம் முன்னதாக, 1927-ல், கா. சி. வேங்கடரமணி ஆங்கிலத்தில் எழுதிய 'முருகன் ஓர் உழவன்' கிராமத்தைப் படித்த இளைஞனின் லட்சிய பூமியாக்கியது. அந்த நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும் இன்று கிராமத்தை அறிந்துகொள்ள நாம் எடுக்க வேண்டிய புஸ்தகம் ஷண்முகசுந்தரத்தினுடையதே. லட்சியம் பழசாகிறது; பாகத்தகராறு பழசாவதில்லை.

கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை' 1999-ல் வந்தது. பெண்ணுக்குக் காட்டிய மாப்பிள்ளை ஒருவன், தாலி கட்டியவன் வேறொருவன் என்ற வஞ்சனையில் தொடங்குகிறது அவளுடைய துன்பம். பிறகு அவள் எந்த ஊருக்குப் போனாலும் ஊர்வாய் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவளுடைய குறையைத் தீர்க்க எந்த இலாகாவும் இல்லை.

இந்த நாவல்களின் பேச்சு புரியவில்லை என்று சில வாசகர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ருஷ்ய நாவல்களில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள் வந்தால் பொறுமையாகக் குறித்து வைத்துக்கொண்டு படிக்கிற நாம், நம் ரயில் நின்று போகிற ஊரின் பேச்சுக்கு அந்தப் பொறுமையைக் காட்டக் கூடாதா? குணசேகரனே 2007-ல் 'நடுநாட்டுச் சொல்லகராதி' ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார். நாவலாசிரியர் ஒருவர் அகராதியும் செய்ய நேர்ந்தது நம் அலட்சியத்துக்கு ஓர் அத்தாட்சி.

அவருடைய 'வந்தாரங்குடி' சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களைப் பற்றியது. நெய்வேலி நிறுவனம் 1956-ல் ஏற்பட்டது. 1961-ல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அங்கே கரிக்குக் கீழே ஊற்றுநீர் பெரும் அழுத்தத்துடன் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துத் தள்ளாவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். எங்கள் கிணறுகள் கீழே போய்விட்டன என்று சுற்றுக் கிராமத்தார் முறையிடுவதைப் பல காலமாகக் கேட்டு வருகிறோம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்க விஸ்தரிப்பு வேலைக்காக விளைந்து நின்ற நெற்பயிரின்மீது மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கின. நிலத்துக்கு முன்பே பணம் கொடுத்தாகிவிட்டது என்றது நிறுவனம். நட்டது நாங்கள் என்றார்கள் விவசாயிகள். சட்டத்தில் எது நிற்கும் என்பதைக் கோர்ட் சொல்லும். கதிர் வந்த பயிரை அழிப்பதைப் பார்க்கிறவன் வயிற்றில் என்ன நேர்கிறது என்பதைக் கோர்ட் சொல்லாது. அதற்குத்தான் 'வந்தாரங்குடி' போன்ற நாவல்கள் வேண்டியிருக்கின்றன. நாம் புஸ்தகம் படிக்கும் விளக்குக்கு அந்த மண்ணிலிருந்தும் மின்சாரம் வருகிறது என்பதை வாசகர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

இவ்வளவு பாராட்டிய பிறகு ஒரு குறையும் சொல்ல வேண்டும். இருவரிடத்திலும் புலம்பல் சில இடங்களில் மிஞ்சிவிடுகிறது. ஆரோக்கியத்தின் ஒப்பாரி பக்கம் பக்கமாக நீளும்போது வாசகன் அழுது தீர்த்துவிட்டு இலேசாகி விடுகிறான். அழுதவன் கேள்வி கேட்பதில்லை. களத்தில் தானியம் அளக்கப்படும் இடத்தில், ஆசிரியர் குரலை உயர்த்தாமல் கையை மட்டும் காட்டும்போது, எனக்கு அதிகமாக உறைத்தது.

இமையத்துக்கு 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற புஸ்தகங்களை வாங்கி அலமாரியில் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த அலமாரியிலிருந்து இவற்றில் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு, அடுத்த தடவை யாராவது 'கிராமத்துப் பிரச்சினை' என்று பேச ஆரம்பித்தால், எந்தத் தெருவுடைய பிரச்சினை என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பதில் சொல்கிறவர் அந்த ஊரை அறிந்தவரா அல்லவா என்பது உடனே தெரிந்துவிடும்.