சதிருக்கு வாசித்த கிளாரினெட்

தமிழ்நாட்டில் கிளாரினெட் கச்சேரி மேடை ஏறுவதற்கு முன்பே ஆடலுக்கு வாசிக்கப்பட்ட வாத்தியம். 1700-ஐ ஒட்டி ஜெர்மனியின் நூரம்பெர்க்கில் டென்னர் உருவாக்கிய இக்கருவியை, 19-ஆம் நூற்றாண்டில் பரதநாட்டியத்தின் முந்தைய வடிவமான சதிரின் குழுவுக்குள் கொண்டுவந்தவர் மகாதேவ நட்டுவனார் என்பர். முகவீணை என்ற ஊதுகருவியின் இடத்தை அது மெல்லப் பிடித்துக்கொண்டது. அதில் வாசிக்கப்பட்ட அலாரிப்பு, ஜதிஸ்வரம், வர்ணம், தில்லானா முதலியவற்றின் வரிசை, தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்கள் வகுத்தது. அவர்களில் வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையை அடைந்து அந்த வரிசையை அங்கும் கொண்டுசென்றார்.

சதிரில் மேளக்காரர்கள் ஆடுபவரின் பின்னால் நின்று, அவருடனேயே முன்னும் பின்னும் நகர்ந்து வாசித்தார்கள். நடந்துகொண்டே மூச்சைக் காப்பது எளிய வித்தையல்ல. கருவியும் இசைந்து கொடுக்காது. ஒரே விரலடைப்பில் மேல்நிலைச் சாவியை அழுத்தினால், ஷட்ஜம் தார ஷட்ஜமாகாமல் தார பஞ்சமத்துக்குத் தாவிவிடும். எனவே ஸ்தாயிக்கு ஸ்தாயி விரல் மாறும். சாவிகள் ஸ்வரங்களைத் துண்டு துண்டாக நிறுத்த, கமகத்தை உதட்டாலும் துளையிலிருந்து விரலைச் சிறுகச் சிறுக எடுப்பதாலும்தான் வரவழைக்க வேண்டும். அப்படி வந்த கமகத்தில் ஒரு தனி வழவழப்பு உண்டு. பின்னர் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி குழுவினரைப் பக்கவாட்டில் அமர்த்தி, கிளாரினெட்டை விலக்கியபோது பரதநாட்டியம் இழந்தது இந்த ஒலியைத்தான். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் வாய்ப்பாட்டும் நாகஸ்வரமும் கற்ற பலத்தில் கிளாரினெட்டைத் தனிக் கச்சேரிக்கு உயர்த்தினார். 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

மாணவருக்கு ஜதிஸ்வரத்தைவிட நல்ல பாடம் இல்லை. சாகித்தியம் கிடையாது, ஸ்வரமும் கணக்கும் மட்டுமே. எங்கே நாக்கால் தட்டுவது, எங்கே மூச்சை ஓடவிடுவது என்பதை ஆடுபவரின் அடவே சொல்லிக் கொடுக்கும். கியூபாவின் ஹபனேரா போன்ற லத்தீன் ஆட்ட இசையை நான்கு கிளாரினெட்டுகளுக்கு அமைத்து வாசிப்பதும் இதே பயிற்சிதான். அடிக்குரல் கிளாரினெட் எட்டு எண்ணிக்கையை 3, 3, 2 எனப் பிரித்து நடக்க, மற்றவர்கள் அதன்மேல் தத்தம் பங்கை வழுவாமல் காக்க வேண்டும். தமிழ் மாணவருக்கு அது 'தகிட தகிட தக'. குமரி மாவட்டப் பாண்டு செட்டுகளில் கிளாரினெட் பழகும் பிள்ளைகள், ஆதி தாளத்தைக் கையில் போட்டு இதை முதலில் வாயால் சொல்லிப் பழகலாம். பிறகு ஒரே ஸ்வரத்தில் ஊதி, அதன்பின் ஜதிஸ்வரத்துக்குப் போகலாம்.