கொல்லைக் கல்வாழை

ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோயில் பக்கத்துத் தெருக்களில், கொல்லையில் கழுநீர் ஓடும் ஈரத்தில் மஞ்சள் கல்வாழை ஆளுயரம் நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்று பார்க்க வேண்டிய செடி. புது இலை பாய் சுருட்டினாற்போல் இறுகி மேலே வரும். மெல்லப் பிரிகையில் இளம்பச்சை பளபளக்கும், விரல் வைத்தால் வழுக்கும். ஐப்பசி மழை அந்த அகல இலையில் விழுந்தால் அடுக்களை வரை சடசடவெனக் கேட்கும். இதழ் என்று நாம் ரசிப்பது உண்மையில் உருமாறிய மகரந்தத் தாள்கள். மஞ்சளில் செம்புள்ளி தெறித்திருக்கும்; வெயில் ஏறினால் துவண்டுபோகும், ஆனால் அடுத்த மொட்டு தயாராக நிற்கும்.

வளர்க்கப் பெரிய வித்தை வேண்டாம். முளையுள்ள கிழங்குத் துண்டை நாலு விரற்கடை ஆழத்தில் புதைத்து, கொஞ்சம் மக்கிய சாணம் போட்டால் போதும். பூத்து ஓய்ந்த தண்டை அடியோடு அறுத்துவிட்டால், பக்கத்திலிருந்து புதுத் தண்டு கிளம்பும். விதைக்குத்தான் பொறுமை. சொரசொரப்பான காய்க்குள் இருக்கும் கறுப்பு விதைகள் உள்ளங்கையில் கலகலக்கும். அந்தக் கெட்டித் தோலைக் கல்லில் தேய்த்து ஊறவைத்தால்தான் சீக்கிரம் முளைக்கும். மல்லிகைபோல் மணக்காது, தலையில் சூடவும் ஆகாது. பாத்திரம் கழுவிய தண்ணீரை இத்தனை மஞ்சளாகத் திருப்பித் தருகிறதே, அது போதாதா?