தட்டைத் திருப்பும் நேரம்

சங்கீத ரஸிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், அவரவருக்கு உயிரான இசைத்தட்டு எது என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். வந்தால், ஒருவராவது தட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை. பாடகர் பெயரைச் சொல்லி வாய் மூடுவதற்குள், அதை முதன்முதலில் கேட்ட வீடு, அந்த வீட்டுக்காரர், அன்று பெய்த மழை, உள்ளிருந்து வந்த காப்பி மணம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்துகொள்ளும். கச்சேரிக்கு நாம் போகிறோம். தட்டோ யாரோ ஒருவர் கை வழியாக நம்மிடம் வருகிறது. ஆகையால், என் தட்டுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பெரியப்பாவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

சுதந்திரம் வந்த மறு வருஷம் என்று நினைக்கிறேன். மாயவரத்துக்கு அருகே காவிரிக் கரைக் கிராமம் ஒன்றில், மின்சார விளக்கு இன்னும் எட்டிப் பாராத அவருடைய வீட்டுக் கூடத்தில், பெரியம்மாவின் பழம்புடவைத் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு கிராமபோன் பெட்டி வீற்றிருந்தது. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் அவர் கையலம்பிக்கொண்டு வந்து, போர்வையை எடுத்து நாலாக மடித்து வைத்து, மூடியை நிறுத்தி, கைப்பிடியை மாட்டிச் சாவி கொடுத்து, சிறு தகர டப்பியிலிருந்து புது ஊசியொன்றைப் பொறுக்கித் திருகி, விளிம்பில் மட்டும் விரல் படும்படி தட்டைக் காகித உறையிலிருந்து உருவி, வெல்வெட்டுத் துண்டால் வட்டமாக ஒருமுறை தடவி வைப்பதற்குள், எங்கள் சிறுவர் கூட்டத்தின் பொறுமை எல்லை கடந்துவிடும். ஆனாலும் எவனும் வாய் திறக்க மாட்டான். திறந்தால் பெட்டி மூடப்பட்டுவிடும்.

ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது அவர் அனுஷ்டித்த விரதம். அதைச் சுத்த ஊதாரித்தனம் என்று பெரியம்மா எண்ணினாள். அதற்குக் காரணம் இருந்ததை நான் பிற்பாடுதான் அறிந்தேன். அந்நாளையத் தட்டு, அரக்கோடு நுண்ணிய கல்பொடி கலந்து அழுத்தி எடுத்தது. எஃகு ஊசியின் முனையைத் தட்டே முதல் சில சுற்றுகளில் தேய்த்துத் தன் தடத்துக்கு இசைவாக ஆக்கிக்கொள்ளும். பக்கம் முடிகையில் அந்த முனை உளியைப் போல் ஆகியிருக்கும். மறுபடி அதையே போட்டால் பாட்டைச் செதுக்கி எடுத்துவிடும். நிமிஷத்துக்கு 78 சுற்று, பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் கொஞ்சம் கொசுறும்: வித்துவான்களுக்கு வாய்த்த மைதானம் அவ்வளவே. ஒரு ராகத்தை ராத்திரி முழுவதும் விஸ்தரித்துப் பழகியவர்கள் அந்தக் குறுகிய சந்தில் எப்படித் தேரைத் திருப்பினார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

நான் முதலில் கேட்டது செங்கோட்டை கிட்டப்பாவை. ‘எவரனி’ என்ற தியாகராஜ கீர்த்தனை, தேவாமிர்தவர்ஷிணி ராகம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்ட சமாசாரம். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் குரல் கூடத்து ஓட்டைப் பிரித்துக்கொண்டு மேலே போயிற்று என்பதுதான். ஒலிபெருக்கியின் தயவு இல்லாமல், நாடகக் கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுவரை எட்டும்படி பாடிப் பழகிய சாரீரம் அது. “இவர் எந்த ஊரிலே இருக்கார் பெரியப்பா?” என்று கேட்டேன். “1933-லேயே போயிட்டார்டா. 27 வயசு” என்று சொல்லிவிட்டு அவர் தட்டைத் திருப்பினார். போய்விட்ட மனிதர் இவ்வளவு உற்சாகமாகப் பாடுகிறாரே என்ற பயத்தில் அன்றிரவு நான் பெரியம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

சாவி தளர்ந்தால் தட்டு மெதுவாகும். தட்டு மெதுவானால் சுருதி இறங்கும். கவனிக்காமல் விட்டுவிட்டால், கிட்டப்பா தமது சிகரத்திலிருந்து அரைக்கட்டை, ஒரு கட்டை என்று சரிந்து, முடிவில் ஜலதோஷம் பிடித்த பாகவதரைப் போல் முனகத் தொடங்கிவிடுவார். பெரியப்பாவுக்கு இது சகிக்காது. என்னைக் கைப்பிடிக்கு அருகே உட்கார்த்தி, “கிட்டப்பாவைக் கீழே இறக்கிடாதேடா” என்று உத்தரவு போட்டிருந்தார். ஊசி துள்ளாமல், பெட்டி அசையாமல், காதைத் தட்டின் மேலும் கையைச் சாவியின் மேலும் வைத்துக்கொண்டு, குரல் மயிரிழை தொய்ந்ததும் அரைச் சுற்றுக் கொடுக்கும் அந்த உத்தியோகத்தில்தான், சுருதி என்றால் என்ன என்பதை என் மணிக்கட்டு முதலில் கற்றுக்கொண்டது. பிற்காலத்தில் ஒரு பாட்டு வாத்தியாரிடம் இரண்டு வருஷம் தம்பூராவுக்கு முன்னால் உட்கார்ந்தும் அதற்கு மேல் நான் அதிகம் கற்றுவிடவில்லை.

பெரியம்மாவுக்கு வேண்டியது கே. பி. சுந்தராம்பாள் ஒருவரே. கிட்டப்பா மறைந்த பிறகு ஆண் நடிகர்களோடு நடிப்பதில்லை என்று உறுதி பூண்டு, 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் தாமே நந்தனாராக வேஷம் கட்டி, அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளமும் வாங்கிய அந்த அம்மாளின் கதையைப் பெரியம்மா பாட்டைவிட அதிகமாக ரஸித்தாள் என்பது என் அபிப்பிராயம்.

என்.சி. வசந்தகோகிலத்தின் மோகனத்தை எனக்குக் கொடுத்தது வேறொரு வீடு. கும்பகோணத்தில் நான் தங்கிப் படித்த வீட்டுக்காரர் ஒரு வக்கீல் குமாஸ்தா. அவரிடம் இருந்தவை ஆறோ ஏழோ தட்டுகள், அவற்றில் ஒன்று விரிசல் கண்டது. அருணாசலக் கவிராயர் அரங்கநாதரைப் பார்த்து, என்ன களைப்பு என்று இப்படிப் படுத்துவிட்டீர் என்று விசாரிக்கும் கீர்த்தனை அது. விளிம்பிலிருந்து உள்நோக்கி முக்கால் அங்குலத்துக்கு ஓடிய அந்த விரிசலின் மேல் ஊசி ஏறி இறங்கும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு சப்தம், நிமிஷத்துக்கு 78 தடவை, எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாமல், கதவுக்கு வெளியே யாரோ தட்டிக்கொண்டு நிற்பதுபோல் கேட்கும். முக்கால் நிமிஷம் போனால் ஊசி விரிசலைக் கடந்துவிடும், தட்டுதல் நின்றுவிடும். சந்நிதியில் கூட்டம் விலகித் தனியே நிற்க இடம் கிடைத்ததுபோல், கண்ணாடியில் வார்த்த அந்தக் குரல் மட்டும் மிச்சமிருக்கும். அதே கீர்த்தனையைப் பிற்பாடு பெரிய பெரிய வித்துவான்கள் சபைகளில் பாடக் கேட்டிருக்கிறேன். பல்லவியில் அந்த ‘டக்’ இல்லாததும், அது நின்றபின் வரவேண்டிய நிசப்தம் வராததும் எனக்கு ஒரு குறையாகவே பட்டிருக்கின்றன. வசந்தகோகிலம் க்ஷயரோகத்தால் 1951-இல், முப்பத்திரண்டாம் பிராயத்தில் காலமானார். குமாஸ்தா அன்று தட்டைப் போடவில்லை; உறையோடு எடுத்துத் துடைத்து, திரும்ப அலமாரியில் வைத்தார்.

ஜி.என்.பி.யின் கல்யாணித் தட்டு, வாயிற்காப்போன் வருகிற கம்பீரத்தைத் தியாகையர் பாடிய ‘வாசுதேவயனி’, என்னிடமே சொந்தமாக இருந்தது. முதல் மாதச் சம்பளத்தில் வாங்கினேன். அதை இரவல் வாங்கிப்போன ஒரு சிநேகிதர் இரண்டு துண்டாகத் திருப்பிக் கொடுத்ததோடு, ஒரு துண்டில்கூடப் பாதிப் பாட்டு இருக்குமல்லவா என்று வேறு கேட்டார். அவருடைய ஹாஸ்யத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இனி ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கு வருகிறேன்; இத்தனை நேரமும் அங்கே வருவதற்குத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். திருவாவடுதுறைக்காரரின் நாயனத்தை எங்கள் ஊர்ப்பக்கத்தில் நேரிலேயே கேட்டவர்கள் ஏராளம். உச்ச ஸ்வரத்தில் பீறிடும் திமிரி நாயனத்தை விட்டு, நீளத்தில் கூடிச் சுருதியில் தணிந்த பாரி நாயனத்தை அவர் கைக்கொண்டதும், நரசிங்கம்பேட்டை ஆசாரி அதை அவருக்கென்றே பதம் பார்த்துக் கடைந்து கொடுத்ததும் எங்கள் வட்டாரத்தில் புராணக் கதைபோல் வழங்கிய செய்திகள். ஆனால் பெரியப்பா சொல்வார்: சுவாமி புறப்பாட்டில் கேட்கிற தோடி ஊருக்குச் சொந்தம், தட்டில் கேட்பது நமக்கு. பக்கத்துக்கு மூன்று நிமிஷமாக இரு பக்கத்தில் பிளந்து வைத்த ஆலாபனை. முதல் பக்கத்தில் காந்தாரத்தைப் பிடித்து அசைத்து அசைத்து, அது அசைகிறதா நாம் அசைகிறோமா என்று தெரியாதபடி செய்துவிட்டு, பஞ்சமத்தைத் தொடாமல் தாண்டித் தாண்டித் தைவதத்தில் கால் ஊன்றி, என் நினைவில் இருக்கிறபடி, மேல் ஸ்தாயியை எட்டிப் பார்க்கும் தறுவாயில் பக்கம் முடிந்துவிடும். ஊசி நடுவட்டத்தில் ‘கர் கர்’ என்று சுற்றும். கூடத்தில் ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள்.

அப்பொழுது பெரியப்பா அவசரப்பட்டதே கிடையாது. ஊசிக் கையை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து பொடி மட்டையை உருவி, ஒரு சிட்டிகை பட்டணம் பொடியை நிதானமாக ஏற்றி, கண்ணில் நீர் முட்ட ஒருமுறை உத்தரத்தை அண்ணாந்து பார்த்து, மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்புறந்தான் தட்டைத் திருப்புவார், புது ஊசி, சாவி, மறுபடி வெல்வெட்டு. அந்த இடைவெளி முழுவதிலும், ராகம் எட்டிப் பார்த்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். அடுத்து அது எங்கே போகும் என்று நாங்கள் ஒவ்வொருவரும் மனத்துக்குள் நாயனம் வாசித்தோம். மறுபக்கம் ஆரம்பித்ததும், நாங்கள் போன வழியெல்லாம் தப்பு என்று பிள்ளை ஒரே மூச்சில் காட்டிவிடுவார். பத்துப் பதினைந்து தடவை கேட்டு மனப்பாடம் ஆன பிறகும் அது தப்பாகவே இருந்ததுதான் விந்தை.

நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டுகள் வந்தபோது, நான் சென்னையில் உத்தியோகமாகித் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் அறையெடுத்திருந்தேன். நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சொச்சம் சுற்று, பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்குக் குறையாது. பொடி போட இடமில்லாத சௌகரியம். 1963-இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் வந்தது. எழுபது சுலோகங்கள், அதை எப்போது முதலில் கேட்டீர்கள் என்று யாரைக் கேட்டாலும் பதில் வராது, எனக்கும் வரவில்லை. விழிப்பதற்கு முன்பே, அடுத்த வீட்டுச் சுவர் வழியாகவோ கோயில் குழாய் வழியாகவோ காதுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்ட நாதத்துக்கு முதல் நாள் ஏது? தட்டுகளைப் பற்றிய என் ஞாபகங்களில் யார் கையிலிருந்தும் வராதது அது ஒன்றுதான்.

அதே மேன்ஷனில் பம்பாயிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஒருவர், மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, “உங்கள் தோடியைக் கொஞ்சம் தூங்க விடுங்கள், ஸார்” என்று சொல்லி எனக்குப் போட்டுக் காட்டியது ‘கால் ஆஃப் தி வேலி’. 1967-இல் வெளிவந்தது; சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிடார். காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாளை, காலைக்குரிய ஆஹிர் பைரவில் தொடங்கி, பொழுது சாயச் சாய ராகங்களை மாற்றிக்கொண்டு தொடுத்த மாலை அது. கிடார் என்ற பெயரைக் கேட்டதுமே முகத்தைச் சுளித்த நான், முதல் பக்கம் முடிவதற்குள் ஜன்னலை மூடப் போனவன் மூடாமல் நின்றேன். பின்னே பூப் வந்தது. வடக்கே பூப் என்பது நம் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களே. ஆனாலும் குழலில் அது வந்த மாத்திரத்தில், கும்பகோணத்து வீட்டில் கதவுக்கு வெளியே யாரோ ‘டக் டக்’ என்று தட்டினார்கள். பம்பாய்க்காரரிடம் அதைச் சொன்னேன். மழையில் யாரும் வரவில்லையே என்று அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தார்.

வீணை தனம்மாளை மட்டும் மிகத் தாமதமாகக் கேட்டேன், அதுவும் பழந்தட்டிலிருந்து பிரதி செய்த நாடாவில். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிக்கும்போது, கேட்க வந்த மகாவித்துவான்களும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று படித்திருந்தேன். 1930-களில், ஆயுளின் அந்திமத்தில் பதிவான அந்தத் தட்டுகளில் இரைச்சல்தான் முதலில் கேட்கும். வீணை அதற்கு அப்பால், ஆற்றுக்கு அக்கரையில் எரியும் விளக்குப்போல். மூச்சைப் பிடித்து ஒலிபெருக்கியின் மேல் காதைச் சாய்த்துக்கொண்டு பத்து நிமிஷம் இருந்த பிறகு, இரைச்சல் தானே விலகி, மீட்டாத இடத்திலும் தந்தி பாடுவது புலப்பட்டது. அந்த அம்மாளின் கூடத்தில் உட்கார வேண்டிய விதமே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

போன மாசம் என் பேரன், கையகலக் கருவியில் எதையோ தேடி எடுத்து, “தாத்தா, உங்க ராஜரத்தினம் பிள்ளை” என்று பக்கத்தில் வைத்தான். அதே தோடி. யாரோ மிகுந்த சிரத்தையோடு இரைச்சலைக் களைந்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். காந்தாரம் அசைந்தது; தைவதத்தில் கால் ஊன்றியது; மேலே எட்டிப் பார்த்தது. என் வலதுகை தானாக எழுந்துவிட்டது. அதற்குள் ராகம் மறுபக்கத்துக்குள் நுழைந்து வெகுதூரம் போயிருந்தது. பெரியப்பா பொடி மட்டையை இடுப்பிலிருந்து எடுக்கக்கூட நேரம் இருக்கவில்லை.