சமம் என்பதற்கு ஒரு சான்று

ஹாஸ்கெல் நிரல்மொழியில் இரண்டு தரவு வகைகள் ஒன்றே என்பதை ஒரு மதிப்பாகவே எழுதி வைக்கலாம். ரெஃப்ல் என்னும் ஒற்றை ஆக்கி, அதாவது மதிப்பை உருவாக்கும் பெயர், தான் அந்தச் சான்று. இரு பக்கமும் ஒரே வகையாக இருந்தால்தான் அது உருவாகும். நிரலில் அந்தச் சான்றைப் பிரித்துப் பார்க்கும் கிளைக்குள், முதல் வகை வேண்டிய இடத்தில் இரண்டாவதைக் கொடுத்தாலும் கம்பைலர் ஏற்கும். அ என்ற வகை ஆ என்ற வகைக்குச் சமமானால், ஆ-வும் அ-வுக்குச் சமம் என்ற நிரூபணம் ஒரே வரி. அந்தச் சுருக்கம் பேரழகு. 2002-இல் ஆய்வாளர்கள் பார்ஸும் ஸ்வியர்ஸ்ட்ராவும், தத்துவஞானி லைப்னிட்ஸின் கருத்தைப் பின்பற்றி, எந்தச் சூழலிலும் ஒன்றன் இடத்தில் மற்றதை வைக்கும் சார்பாக இதே சமத்தை எழுதிக் காட்டினர். 2005-இல் ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஹெச்சியின் 6.4 பதிப்பு பொதுமைப்படுத்திய இயற்கணிதத் தரவு வகைகளைக் கொண்டுவந்ததும் ரெஃப்ல் வழி எளிதாயிற்று. ஓர் எச்சரிக்கை: ஹாஸ்கெலில் முடிவுறாத கணிப்பும் எந்த வகைக்கும் பொருந்தும் என்பதால், அது பொய்ச் சமத்துக்கும் சான்றுபோல் நிற்கலாம். ஆகவே சான்றை இயக்க நேரத்தில் மதிப்பிட்ட பிறகே நம்ப வேண்டும்.