பழைய டி-ஷர்ட்டும் பிளவுபட்ட நாக்கும்

உடும்பு என்றால் நமக்கு ஞாபகம் வருவது அதன் பிடிதான். ஆனால் ஆஸ்திரேலியாவின் முள்வால் உடும்பை வீட்டில் வளர்ப்பவர்கள் கற்கும் முதல் பாடம், அதைப் பிடிக்காமல் இருப்பது.

வாலோடு சேர்த்து இரண்டடி இருக்கும். பெட்டிக்குள் ஆழமாக மண், ஒரு மூலையில் 60 டிகிரி செல்சியஸ் வரை சுடும் கல். வந்த புதிதில் நிழல் ஆடினாலே பொந்துக்குள் ஓடிவிடும். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து. அதனால் அனுபவசாலிகள், தாங்கள் உடுத்திய டி-ஷர்ட்டைத் துவைக்காமல் உள்ளே போட்டுவைக்கிறார்கள். நாக்கால் மோப்பம் பிடிக்கும் பிராணி ஆயிற்றே! பிளவுபட்ட நாக்கு வெளியே வந்து, காற்றைத் துழாவி, மேலண்ணத்துக்குச் சேதி கொண்டுபோகும்.

அடுத்து, கையை மண்ணில் வைத்துச் சும்மா இருக்க வேண்டும். இதுதான் கஷ்டம். தொண்டையை உப்பிச் சீறினால் அன்றைக்கு அவ்வளவுதான். இடுக்கியில் நீட்டிய கரப்பானை வந்து வாங்கவே வாரங்கள் ஆகும், சிலதுக்கு மாதங்கள். பிறகு ஒருநாள் விரல் நுனியில் நூல் பட்டதுபோல ஒரு தொடுகை. நாக்கு! உடனே தூக்கத் தோன்றும். தூக்கினால் போச்சு, மறுபடி டி-ஷர்ட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதை அன்பு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பயம் விட்டுப்போனதே பெரிசு.

ஆசை வந்துவிட்டதா? நம் ஊர் உடும்பு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்தால் குற்றம். வரப்பில் கண்டால் தள்ளி நின்று பாருங்கள்.